டெய்லர் பாய் கடையின் கழுத்துவெட்டு

தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கும்போதே எங்கள் தெருமுனை டெய்லர் பாய் கடையில் மிஷின் சத்தம் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஓயாது. ரம்சான், தீபாவளி, பொங்கல் மூன்றுக்கும் அப்படித்தான். கடை வாசலில் ஒரு சிமெண்டுச் சாக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். வெட்டித் தள்ளும் துணியெல்லாம் அதற்குள் போகும். கம்பம்மெட்டுக்கு ஏலக்காய்க் காட்டு ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்புகளின் ஒர்க்‌ஷாப்காரர்கள் கிரீஸ் துடைக்க அதைக் கேட்டு வருவார்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் அம்மாச்சி போய் நின்றுவிடும். சாக்கை நான்தான் இழுத்துக்கொண்டு வரவேண்டும். பட்டாசாலையில் கொட்டினால் புதுத்துணிக் கஞ்சி வாசனையும் மிஷின் எண்ணெய் வாசனையும் கரிப்பெட்டிச் சூடும் கலந்து ஒரு மணம் எழும் பாருங்கள், எனக்குத் தீபாவளி என்றால் மத்தாப்புக்கு முன்னால் அதுதான்.

அந்தத் துண்டுகளை அம்மாச்சி முன்பெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டித்தான் போர்வை தைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் ஒருநாள் ஒரு மெத்தை உறையைக் கொண்டுவந்து காட்டினார்கள். நடுவில் ஒரு மஞ்சள் அறுகோணம், சுற்றி ஆறு சிவப்பு அறுகோணம், மொத்தமும் ஒரு பூ. காகிதத்தில் அச்சு வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்டி, விளிம்போடு விளிம்பு வைத்துச் சுற்றித் தைத்துவிட்டுக் கடைசியில் காகிதத்தை உருவிவிட வேண்டும். எல்லாம் கைத்தையல். அன்று சாயங்காலம் நான் வீட்டில் பேசிய பேச்சில் அம்மாச்சிக்கே தலை சுற்றியிருக்கும். “நாலு மூலை பத்தாதாக்கும் உங்க டீச்சருக்கு?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டது.

எந்த அளவில் அச்சு வெட்டுவது என்பதில் ஆரம்பித்தது வம்பு. மாமா திராட்சைத் தோட்டங்களுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குத் தண்ணீர் ஒருநாள் நின்றாலும் சைக்கிளில் ஆள் வந்துவிடும். அவர் சாமான் பெட்டியைக் குடைந்து ஒரு பெரிய நட்டை எடுத்து என் கையில் வைத்தார். “இந்தா, ஆறு பக்கமும் கடைசல்ல புடிச்சது. இதவிட சுத்தமா உங்க டீச்சராலயும் வரைய முடியாது.” உண்மைதான். சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வெட்டினால் துண்டுகள் ஒன்றோடு ஒன்று இடைவெளி இல்லாமல் பொருந்தின. ஆனால் அளவு ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அம்மாச்சி அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “இதத் தச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிரும், ஒனக்குப் பேரன் பொறந்துருவான்” என்றது.

அதனால் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸால் வட்டம் போட்டு, அதே விரிப்பை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஓரடி ஓரடியாக எடுத்து வைத்தால் சரியாக ஆறாவது எட்டில் புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேரும். வட்டத்தின் ஆரமும் அறுகோணத்தின் பக்கமும் ஒரே நீளம் என்று கணக்கு வாத்தியார் எப்போதோ சொன்னது, துணி வந்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது. ஒவ்வொரு மூலையும் 120 பாகை. மூன்று மூலை கூடினால் 360. இடுக்கு விழ வழியே இல்லை. வாத்தியாரிடம் போய்ச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு பெருமை.

அளவுக்குத் தீர்ப்புச் சொன்னவர் பாய்தான். “பாப்பா, அச்சப் பாத்துத் துணி தேடாத. சாக்குல எந்தத் துண்டத் தூக்கிப் போட மனசு வரலையோ அதுக்கு அச்ச வெட்டு.” சாக்கில் கைக்குழி வெட்டு பிறை மாதிரி வரும், ஒன்றுக்கும் ஆகாது. ஜாக்கெட்டின் கழுத்துவெட்டுத்தான் தங்கம். இரண்டாக மடித்து வெட்டியதை விரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு முழுத்துணி. அதில் தையலுக்குச் சுற்றிலும் கால் இஞ்சு விட்டதுபோக, பக்கம் ஒன்றரை இஞ்சு அறுகோணம் சரியாக உட்கார்ந்தது. அடுத்த சில வருஷங்களில் முதுகு இறக்கம் வைத்துத் தைக்கிற மோகம் எங்கள் ஊரான கம்பத்துக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்; எங்களுக்கோ ஒரே வெட்டில் இரண்டு அறுகோணம்! நாகரிகத்தை நானும் அம்மாச்சியும் முழு மனதோடு ஆதரித்தோம்.

அச்சை எதில் வெட்டுவது? காலண்டர் அட்டைதான் வாகு என்று எடுத்தேன். முருகன் படம் போட்டதை அம்மாச்சி தொடவே விடவில்லை. உரக்கடைக் காலண்டரில் பெரியாறு அணை இருந்தது, 1895இல் பென்னிகுக் துரை கட்டி முடித்தது. “அது சாமி இல்லையே” என்றேன். “சோறு போடுதுல்ல, அதுவும் சாமிதான். வையி கீழ.” கடைசியில் வெறும் தேதி கிழிக்கிற அட்டை ஒன்று கிடைத்தது. ஆனால் அட்டையின் மூலைகள் பென்சில் பட்டுப் பட்டு மழுங்கும். அந்த மழுங்கலை ஈடுகட்ட ஏற்கெனவே வெட்டிய துண்டை வைத்து அடுத்ததை வரைந்தால், கோட்டின் தடிமன் அளவுக்கு ஒவ்வொன்றும் பெருக்கும். பத்தாவது துண்டு முதல் துண்டோடு சேராது.

அதற்குத்தான் தாத்தாவின் எக்ஸ்ரே. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கறுப்பெல்லாம் உரிந்து, தெளிந்த பிலிம் மட்டும் நிற்கும். கத்தரிக்கு வசமாக வெட்டுப்படும், மூலை மழுங்காது, எல்லாவற்றுக்கும் மேலாக அடியில் இருக்கிற துணி தெரியும். அச்சை நகர்த்தி நகர்த்திப் பூ நடுவில் வரும்படி நிறுத்தலாம். “ஒங்க தாத்தன் நெஞ்சுக்கூட்டையா வெட்டுற?” என்று அம்மாச்சி பதறியது. திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த தாத்தா, “வெட்டட்டும், சளியோட போகட்டும்” என்றார். காகிதத்துக்கு ஒன்று, துணிக்குக் கால் இஞ்சு பெரியதாக ஒன்று என்று அந்தப் பிலிமில் இரண்டு அச்சு எடுத்தோம்.

உள்ளே வைக்கிற காகிதத்துக்குக் கல்யாணப் பத்திரிகை. நோட்டுத்தாள் மடிப்பில் துவண்டுவிடும். பத்திரிகை அட்டை விறைப்பாக நின்று துணிக்கு முனை கொடுக்கும். மஞ்சள் தடவிய மூலைகளை மட்டும் முதலில் வெட்டி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைத்துணியில் கறை இறங்கும். கருமாதிப் பத்திரிகையை அம்மாச்சி சேர்க்காது. போர்த்திக்கொண்டு தூங்கப்போவது பிள்ளைகள் அல்லவா.

ஆடியில் மேகாத்து வீசும்போது துண்டுகளை அடுக்கிவைக்க முடியாது. தட்டுக்கு அடியில், அம்மிக்கு அடியில், தாத்தாவின் செருப்புக்கு அடியில் என்று பூக்கள் பதுங்கியிருக்கும். ஏழு ஏழாகச் சேர்த்துப் பூவாக்கி, பூவோடு பூவை இணைத்து, அடியில் பழைய வேட்டிகளை இரண்டு மடிப்பாக வைத்து, அதற்கும் கீழே நைந்த சுங்குடிச் சேலை. போடியிலிருந்து இலவம்பஞ்சு வாங்கி அடைக்கலாம் என்றாள் அம்மா. அம்மாச்சி ஒத்துக்கொள்ளவில்லை, தலையணைக்கு அது சரி, போர்வைக்குள் போட்டால் கால்மாட்டில் போய்க் குமிந்துகொள்ளும் என்றது.

வெகு காலம் கழித்துப் புத்தகம் ஒன்றில் சாங்கி முகாம் போர்வையின் படம் பார்த்தேன். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபின் அடைத்துவைக்கப்பட்ட சாரணச் சிறுமிகள், கிடைத்த கந்தல்களை அறுகோணமாக வெட்டித் தைத்தது. இப்போது லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அச்சை எதில் வெட்டியிருப்பார்கள் என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது.

எங்கள் போர்வை அவ்வளவு தூரம் போகவில்லை, வாசல் கொடி வரைக்கும்தான் போனது. மார்கழிப் பனிக்கு முன்னால் வெயில் காட்டலாம் என்று காயப்போட்டோம். தண்ணிக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். “இது என் பொங்கச் சட்டையில்ல?” “இந்தா, எங்க அத்தாச்சி கல்யாணத்துக்கு எடுத்த பட்டு!” குடத்தை இறக்கிவைத்துவிட்டு விரலால் அளந்து பார்த்த ஒருத்தி, “இம்புட்டுத் துணி மிச்சமா? எனக்குக் கை நீளம் பத்தலைன்னுல்ல பாய் சொன்னாரு!” என்றாள். பேச்சு தெருமுனைக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பாய் கழுத்தில் டேப்போடு எங்கள் வீட்டு நடையில் வந்து நின்றார்.

“ஆத்தா, சாக்கு மொத்தமும் நீங்களே எடுத்துக்கங்க. அந்தப் போர்வைய மட்டும் இனிமே கொல்லைப் பக்கமாக் காயப்போடுங்க.”