ரம்பத்தில் தொடங்கும் வனவியல்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், குளிர்காலப் புயல்களில் சாயும் டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் மரங்கள் ஆண்டுதோறும் மலைப்பாதைகளை மறித்துவிடுகின்றன. அவற்றை அறுத்து அகற்றுவது போன்ற காட்டுப் பணிகளில் மாணவர்களை ஈடுபடுத்தும் யோசனையை வாஸர் கல்லூரி மாணவி எலிசபெத் குஷ்மன் 1955இல் தம் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்தார். அதன்படி 1957இல் முதல் தொண்டர்கள் ஒலிம்பிக் பூங்காவுக்கும் கிராண்ட் டீட்டன் பூங்காவுக்கும் சென்றனர். அத்திட்டமே பின்னர் மாணவர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது.

விழுந்த மரங்களை அகற்றும் பணியின் நுட்பம் ரம்பத்தில் அடங்கியிருக்கிறது. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், மனிதத் தலையீடின்றி விடப்பட்ட காட்டுப் பகுதிகளில் இயந்திரக் கருவிகளைப் பொதுவாகத் தடை செய்வதால், அங்கே இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீள ரம்பமே பயன்படுகிறது. அதன் பற்களில் ஒரு வகை நாரை அறுக்க, மற்றொரு வகை அறுபட்ட நாரைச் சுரண்டி வெளியேற்றுகிறது. தூளுக்குப் பதிலாக நீண்ட சுருள் சீவல்கள் விழுந்தால் பல் நன்கு தீட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். புதிதாக வருவோர் ரம்பத்தைத் தள்ளிவிடுவார்கள். தள்ளினால் தகடு வளையும் என்பதால், இழுத்தபின் கையைத் தளர்த்தி எதிராளியை இழுக்கவிடுவதே முதற்பாடம்.

அதைவிடக் கடினமானது விழுந்த மரத்தின் நிலையைக் கணிப்பது. இரு முனைகளும் மேட்டில் தங்கி நடுப்பகுதி தொங்கும் மரத்தில் மேற்புறம் நெருக்கப்பட்டும் அடிப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து அறுத்தால் வெட்டுவாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விவிடும். ஆகவே ரம்பம் சற்று இறங்கியதும் வெட்டுவாயில் ஆப்பு அடிக்கப்படுகிறது. ஆப்பசைத்த குரங்கின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆப்பின் வேலையை விளக்க வேண்டியதில்லை. சரிவில் கிடக்கும் மரம் அறுபட்டதும் உருளக்கூடும் என்பதால், கடைசி இழுப்பை மேட்டுப்புறம் நிற்பவரே முடிக்கிறார்.

காட்டின் அழகைக் காட்டினால் இளைஞர்கள் வனத்துறைக்கு வருவார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பினும் அது பாதி உண்மையே. அழகு ஒருவரைச் சுற்றுலாப் பயணியாக்கவும் போதும். மாறாக, அறுத்த முகத்தில் ஆண்டு வளையங்களை எண்ணி, அவை ஓரிடத்தில் நெருங்கியிருப்பது வறட்சியாலா, பக்கத்து மரங்களின் நெருக்கடியாலா என்று வினவத் தொடங்கும் மாணவர் வனவியலாளரின் வினாவையே எழுப்புகிறார். எந்த மரத்தை விடுவது, எதை அகற்றுவது என்று முடிவுசெய்யும் காட்டு மேலாண்மை அவ்வினாவின் மீதே நிற்கிறது.

ஆர்வம் பிழைப்பாக மாறுவதற்கு வேலைவாய்ப்பும் வேண்டும். பொது நிலப் படை எனப்படும் அமெரிக்க மத்திய அரசுத் திட்டத்தில் 640 மணிநேரப் பணியை நிறைவு செய்வோர், சில மத்திய அரசுப் பணிகளுக்குப் பொதுப்போட்டியின்றித் தேர்வாகும் தகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெறுகின்றனர். எனினும் தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பருவகால வேலைகளே. பனி விழத் தொடங்கியதும் அவை முடிந்துவிடுவதால், குளிர்காலத்துக்கு வேறு வருமானம் தேட இயலாதவர்கள், திறமை இருந்தும், ஓரிரு கோடைகளுக்குப்பின் இத்துறையை விட்டு விலகிவிடுகின்றனர்.