திறப்பது வேறு, ஓட்டுவது வேறு

கடலூர் முதுநகரில் புதுத் திருகாணிகூட ஒரே மழைக்காலத்தில் கிழடு தட்டிவிடும். உப்புக் காற்று அப்படி. அங்கேயும் சிதம்பரத்திலுமாகத் தையல் மிஷின் பழுது பார்க்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: “அண்ணே, ஸ்பிரே அடிச்சா போதுமா?”

பத்தாது.

அவர்கள் கேட்கும் ஸ்பிரே டபிள்யூடி-40. அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது. ‘நீரை விலக்குதல், நாற்பதாவது முயற்சி’ என்பதன் சுருக்கம் அது. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், அட்லஸ் ஏவுகணையில் துரு ஏறாமல் காக்க உருவான கலவை. மீன் எண்ணெயில் செய்தது என்பது கட்டுக்கதை. அமெரிக்க டப்பாவின் பாதுகாப்புத் தாளைப் பார்த்தால், ஏறக்குறையப் பாதி பெட்ரோலியக் கரைப்பான். கனிம எண்ணெய் 35 சதவீதத்துக்கும் குறைவு. பீய்ச்சித் தள்ளக் கொஞ்சம் கரியமில வாயு. கரைப்பான் இண்டு இடுக்கெல்லாம் ஊர்ந்து, பழைய பிசுக்கைக் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

அதன் அருமை 2015 வெள்ளத்தில் தெரிந்தது. மூழ்கி எடுத்த மிஷின்களை நல்ல தண்ணீரில் கழுவி ஸ்பிரே அடித்தேன். இடுக்கில் நின்ற ஈரம் வெளியே வந்தது. இறுகிக் கிடந்த ஊசிக்கம்பி அசைந்தது. மார்கழியிலும் அது கைகொடுக்கும். வீட்டில் பலர் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். விடியற்காலையில் பெடல் மிதிக்கவே வராது. அந்தப் பிசுக்கைக் கரைக்க ஸ்பிரே நல்ல ஆள்.

அதோடு விட்டால்தான் வம்பு. தொழில் கற்ற புதிதில், சிதம்பரத்தில் ஒரு டெய்லர் அக்காவின் மிஷினுக்கு ஸ்பிரே மட்டும் அடித்துக் காசு வாங்கி வந்துவிட்டேன். அன்றைக்குப் பட்டுப்போல ஓடியது. இரண்டு வாரத்தில் ஷட்டில் கரகரத்துச் சூடேறியது. இருந்த எண்ணெயையும் கழுவிவிட்டு, உலோகத்தோடு உலோகம் உரசும்படி விட்டு வந்தது நான்தான்.

இப்போதெல்லாம் பாபின் கேஸைக் கழற்றி, பஞ்சையும் தூசியையும் துலக்குகிறேன். இறுகிய இடத்துக்கு மட்டும் ஸ்பிரே. துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் உலர விடுகிறேன். பிறகு ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் ஒரு சொட்டு மிஷின் ஆயில். நூல் கோக்காமல் ஒரு நிமிடம் ஓட்டி, கழிவுத் துணியில் தைத்துப் பார்த்த பிறகே காசு.

வீட்டில் ஸ்பிரே டப்பா இருக்கட்டும், தப்பில்லை. பக்கத்திலேயே ஒரு சின்ன மிஷின் ஆயில் புட்டியும் இருக்கட்டும்.