சட்டம் எழுதும் தலையெழுத்து

'எல்லாம் தலையெழுத்து' என்போரைக் கண்டால் நாம் எள்ளி நகைக்கிறோம். எழுதியவன் யார், எழுத்தைப் படித்தவர் யார் என்று கேட்கிறோம். கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் பொய்யென்று தள்ளிவிடலாம். அரசு முத்திரையோடு சட்டமே எழுதும் தலையெழுத்தை என்ன செய்வது? அமெரிக்க நாட்டில் அப்படி ஓர் எழுத்து எழுதப்படுகிறது, 14 வயதுச் சிறுவர் மீது!

சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் கண்ட நாடு அது. 1899இல் சிகாகோ நகரில் அது தோன்றிற்று. சில மாநிலங்களில் குடும்ப நீதிமன்றமே அப்பணியைச் செய்கிறது. தவறு செய்தவன் இன்னும் வளர்கிறான். ஒறுப்பதினும் திருத்துவதே அறிவுடைமை என்பது அம்மன்றங்களின் அடிப்படை.

2006இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் அந்த அடிப்படையைப் பெயர்த்தது. கொடிய பாலியல் குற்றம் புரிந்ததாகச் சிறார் மன்றம் முடிவு செய்தால், 14 வயது நிரம்பியவரையும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்றது. மூன்று திங்களுக்கு ஒருமுறை நேரில் வரவேண்டும். வீடு மாறினாலும், பள்ளி மாறினாலும், வேலை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். எத்தனை காலம்? ஆயுள் முழுதும்! குற்றமின்றி 25 ஆண்டுகள் கழிந்தால்தான் விடுபட வழியுண்டு. சிறார் பெயரை இணையத்தில் வெளியிடாமல் விட மாநிலங்களுக்கு 2011இல் இசைவு தரப்பட்டது. பதிவேடோ நீங்கவில்லை. எல்லா மாநிலங்களும் இச்சட்டத்தை அப்படியே ஏற்கவில்லை என்பது ஓரளவு ஆறுதல்.

நாம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர். கையெழுத்தே நிலைபெறாத வயது அது. ஆனித் திங்களில் அடங்காப்பிடாரி என்று பெயரெடுத்தவன், தைத் திங்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதைக் கண்டிருக்கிறோம். நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு சொல் எழுதுமுன் நம் பேனா எத்தனை முறை தயங்குகிறது! ஆயுள் முழுதும் செல்லும் சான்றிதழைச் சிறுவனின் முகத்தையே பாராமல் எழுதலாமா?

'சிதைக்கப்பட்ட குழந்தையின் கண்ணீருக்கு என்ன விடை?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குற்றம் குற்றமே. தண்டனை வேண்டும், மருத்துவம் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும். ஆனால் பதிவேடு அக்குழந்தையைக் காக்கிறதா? 106 ஆய்வுகளைத் தொகுத்து, 33,000க்கும் மேற்பட்ட சிறாரைக் கணக்கிட்டு, 2016இல் ஒரு முடிவு வெளியாயிற்று. மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியோர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு!

இன்னொன்றையும் எண்ணுங்கள். இத்தகைய வழக்குகள் பலவற்றில் புண்பட்ட குழந்தை அதே வீட்டுத் தம்பியோ தங்கையோதான். புகார் சொன்னால் மகனின் வாழ்வே முடிந்தது என்று அறிந்த தாய் என்ன செய்வாள்? வாய் மூடுவாள். கதவும் மூடும். உள்ளே அந்தக் குழந்தை மருந்தின்றி, ஆறுதலின்றி வாடும். காக்க வந்த சட்டம் கதவைச் சாத்திவிட்டுப் போகிறது. என்னே விந்தை!

அங்கேயும் பகுத்தறிவு உறங்கிவிடவில்லை. 15 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கில், சிறார் மன்றம் விசாரித்தவரைத் தானாகவே ஆயுள் முழுதும் பதிவேட்டில் தள்ளுவது கொடுந்தண்டனை என்று ஒகாயோ உச்சநீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. குற்றம் புரிந்த சிறார் மீண்டும் புரிவர் என்று, மறுக்க இடமே தராமல் முடிவு கட்டுவது செல்லாது என்று பென்சில்வேனியா உச்சநீதிமன்றம் 2014இல் உரைத்தது.

தோழர்களே! அந்தத் தீர்ப்புகள் கேட்டது சலுகையன்று; பட்டியலைப் பார்க்காமல் பிள்ளையைப் பார் என்பதே. மனிதன் மாறுவான் என்று நம்புவதால்தான் நாம் சீர்திருத்தம் பேசுகிறோம். மாறவே மாட்டான் என்று முன்கூட்டி எழுதிவைப்பது விதி. எழுதுவது ஆண்டவனாயினும் ஆட்சியாயினும், விதியை ஏன் என்று கேட்பதே நம் வேலை!