இருட்டுக்கு ஒரு விளையாட்டுச் சாமான்

நம் வீடுகளில் டார்ச் லைட்டுக்கு என்ன மரியாதை இருக்கிறது, சொல்லுங்கள்! கரண்ட் போனால்தான் அதன் ஞாபகமே வரும். தேடி எடுத்தால் கட்டை தீர்ந்திருக்கும். செல்போனிலேயே விளக்கு வந்த பிறகு, பாவம், பரணுக்கே போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அதற்குத் தனி மாடம் உண்டு. காரணம், என் சின்ன மகன்.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. எங்கள் ஊர் அந்தப் பக்கம்தான். தென்னை மரங்கள் படார் படாரென்று முறிகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அது புரியும். கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. மறுபடி விளக்கு எரிய வாரக்கணக்கில் ஆயிற்று. அவனுக்கு அப்போது நாலு வயசு. பொழுது சாய்ந்தாலே, "அம்மா, காத்து வருமா?" என்று முந்தானையைப் பிடித்துக்கொள்வான். கரண்ட் வந்த பிறகும், விளக்கை அணைத்தால் ஒரே அலறல். அவன் அப்பாயி திருநீறு பூசினார். "பயப்படாதடா கண்ணு" என்று நாங்கள் நூறு தடவை சொன்னோம். பயம் சொல்லியா போகும்?

என் மாமனாரிடம் மூணு கட்டை டார்ச் ஒன்று இருந்தது. ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது, பூச்சி பொட்டு தெரிய எடுத்துப் போவார். அதைப் பையன் கையில் கொடுத்து, "இனிமே லைட்டுக்கு நீதான் முதலாளி. நீ அணைச்சாதான் இருட்டு" என்றேன்.

முதல் நாள் அவன் அதை அணைக்கவே இல்லை! உள்ளங்கையை அதன் வாயில் வைத்து மூடச் சொன்னேன். விரலெல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. சிவப்பு வெளிச்சம்தான் சதையைத் தாண்டி வரும், மற்ற நிறங்களை ரத்தமும் சதையும் விழுங்கிவிடும் என்று சொன்னேன். பிறகு சுவரில் மான், நாய். கையை டார்ச்சுக்குக் கிட்டே கொண்டுபோனால் நாய் யானை அளவுக்கு வளரும், தள்ளிப் போனால் சுருங்கும். "பெருசா தெரியறதெல்லாம் கிட்டே நிக்கிற சின்ன கைதாம்மா" என்று அவனே அப்பாயிக்கு விளக்கம் சொன்னான்!

பயத்தை நிஜமாக விரட்டியது போட்டோதான். செல்போன் காமிராவில் 'ப்ரோ' என்று ஒரு வசதி இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். ஷட்டர் நேரம் 10 செகண்டு, ஐ.எஸ்.ஓ. 100. போனைச் சொம்பில் சாய்த்து ஆடாமல் வைத்து, டைமரில் விடுங்கள். குழந்தைக்குக் கறுப்புச் சட்டை போட்டு, சின்ன டார்ச்சைக் காமிரா பக்கம் திருப்பிக் காற்றில் எழுதச் சொல்லுங்கள். எழுதியது அத்தனையும் ஒளிக்கோடாக விழும். எழுத்து இடவலம் மாறித்தான் வரும். போனிலேயே திருப்பிக்கொள்ளலாம். டார்ச் வாயில் கலர் கண்ணாடிக் காகிதம் கட்டினால் கலர் கோலம்! பிக்காஸோவே 1949-ல் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறார். பிரான்சில் அவரைப் படம் எடுக்கப் போன ஜான் மிலி என்ற காமிராக்காரர், அவரை இருட்டறையில் சின்ன விளக்கால் காற்றில் வரைய வைத்து எடுத்த படங்கள் உலகப் பிரசித்தம்.

இதில் விஷயம் என்னவென்றால், அறை நல்ல இருட்டாக இருந்தால்தான் படம் தெளிவாக விழும். மூன்றாம் நாள் என் பிள்ளை சொன்னான், "அம்மா, ஜன்னலையும் மூடு. வெளிச்சம் வருது." நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூக்கம் சரியாக இன்னும் ஒரு மாதம் பிடித்தது, அது வேறு கதை.

வீட்டுக்கும் டார்ச்சால் எவ்வளவோ ஆகும். தோட்டுத் திருகு விழுந்துவிட்டதா? டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். கடுகளவு சாமானுக்கும் நீள நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் பாட்டிலில் நாலு சொட்டுப் பால் விட்டு, அடியில் டார்ச்சை வைத்தால் அறை முழுக்க வெளிச்சம் பரவும். அடைகாக்கும் முட்டையை ஏழாம் நாள் இருட்டில் டார்ச் மேல் வைத்தால், கரு உள்ள முட்டையில் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது சகஜம். ஆனால் ஒரு கண் திரும்பத் திரும்ப வெள்ளையாக மின்னினால் அலட்சியம் வேண்டாம். படம் எடுத்த கோணத்தாலும் அப்படி வரலாம். கண்புரையாகவும் இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருகிற விழித்திரைப் புற்றுநோய்க்கும் இது முதல் அடையாளமாக இருக்கக்கூடும். அந்தப் படத்தோடு உடனே கண் டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் பார்த்தால் பிழைக்க வைக்கலாம், பல சமயம் பார்வையையும் காப்பாற்றலாம்.

விளையாட்டுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. யார் கண்ணிலும் நேராக அடிக்கக் கூடாது. லேசர் விளக்கைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. பொத்தான் மாதிரி இருக்கிற கட்டை போட்ட டார்ச்சும் வேண்டாம். அதை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். பெரிய கட்டை என்றாலும், உபயோகிக்காத நாட்களில் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளேயே கசிந்தால் டார்ச் பாழ்.