கைப்பக்குவம் என்னும் பாராட்டு

எங்கள் ஊருக்குப் பூண்டு வாசம். பெரியகுளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் வடுகபட்டி வந்துவிட்டதை மூக்காலேயே தெரிந்துகொள்வார்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று கொடைக்கானல் மேல்மலையில் விளையும் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக எங்கள் சந்தைக்கு இறங்கும். எடை போடுவதும் விலை பேசுவதும் ஆண்கள். தாளை அறுத்து, வேரை நறுக்கி, பருமன் பார்த்துப் பிரிப்பது பெண்கள். என் அம்மா இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கூலிக்குப் பூண்டு பிரித்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலிடுக்கில் அந்த வாசம் போகாது.

அந்தக் கையால் அம்மா வைக்கும் பூண்டுக் குழம்புக்கு எங்கள் தெருவில் பெயர் உண்டு. "அவ கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்பார் அப்பா. வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். அம்மாவுக்கு அவரிடமிருந்து கிடைத்த பாராட்டு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பக்குவத்தை அம்மா எனக்குச் சொல்லித் தரவில்லை. வேண்டுமென்றே சொல்லித் தரவில்லை. அடுப்பங்கரைப் பக்கம் போனால் விரட்டுவார். "கரண்டியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன். போயிப் படி புள்ள." என்னைப் படிக்க வைக்க அவர் கண்டுபிடித்த வழி அதுதான். அதனால் 1997இல் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போனபோது எனக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது.

கல்லூரித் தோழி ஒருத்தி கல்யாணப் பரிசாக ஒரு புத்தகம் கொடுத்திருந்தாள். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்', முதல் பாகம். அவள் வீட்டில் அவளுடைய அம்மாவும் அதை வைத்துத்தான் குடும்பம் தொடங்கினாராம். அந்த வாடகை வீட்டில், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து, பக்கம் மூடாமலிருக்க மேலே ஒரு டம்ளரை வைத்து, நான் முதன்முதலாக ரசம் வைத்தேன். என்னென்ன சாமான் வேண்டும், எவ்வளவு வேண்டும், எதற்குப் பிறகு எது என்று புத்தகம் வரிசையாகச் சொன்னது. "இதுகூடத் தெரியாதா, உங்கம்மா என்னத்தச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்கவில்லை. அந்த வார்த்தையை மாமியார் வீட்டில் நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. கேலி பேசாமல் கற்றுக்கொடுத்த முதல் ஆள் எனக்கு அந்தப் புத்தகம்தான்.

அந்தப் புத்தகம் முதலில் வந்தது 1951இல். மீனாட்சி அம்மாள் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். கல்யாணமாகி வெளியூர் போன உறவுப் பெண்கள் அவரிடம் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் புத்தகமாகவே எழுதிவிடு என்று ஊக்கம் கொடுத்தவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்களுக்கு எத்தனை விலக்குகள்! வெங்காயமும் பூண்டும் ஆகாது, ராத்திரி சாப்பாடு ஆகாது, நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்கக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு காலத்தில், பல கல்யாண வீடுகளுக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்த புத்தகத்தின் அட்டையில் இருந்தது ஒரு கைம்பெண்ணின் பெயர். அவர் 1962இல் இறந்துபோனார். ஆழாக்கும் பலமும் புழக்கத்திலிருந்து போய் கிராமும் லிட்டரும் வந்த பிறகும் புத்தகம் நிற்கவில்லை. மூன்று பாகங்களாக, பல மொழிகளில், இன்னும் விற்கிறது.

அம்மா முதல் தடவை கோயம்புத்தூர் வந்தபோது பெருமையாக ரசம் வைத்துப் போட்டேன். உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார். "ஐயர் வீட்டு ரசம் கணக்கா இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம சாப்பாடு அதுல இருக்கா?" என்று கேட்டார். கறிக்குழம்பு இல்லை, கருவாட்டுக் குழம்பு இல்லை என்றேன். "அப்ப அது அவுக வீட்டுப் புத்தகம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். எனக்குச் சுருக்கென்றது. தமிழ்ச் சமையல் என்று ஊரே கொண்டாடிய புத்தகத்தில் எங்கள் அடுப்பு இல்லை. அதை எழுதியவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. தன் வீட்டில் தெரிந்ததை அவர் எழுதினார். எங்கள் வீட்டில் தெரிந்ததை யார் எழுதுவது?

பல வருடங்கள் கழித்து என் மகள் ஓர் இத்தாலியச் சமையல் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கி வந்தாள். பெல்லெகிரினோ அர்த்தூசி என்பவர் 1891இல் எழுதியது. பதிப்பாளர்கள் யாரும் போடாததால் சொந்தக் காசில் ஆயிரம் படி அச்சிட்டாராம். இத்தாலியில் இன்றும் வீடுகளில் இருக்கும் புத்தகம் அது. முதல் பதிப்பில் 475 குறிப்புகள். இருபது வருடங்களில், அவர் இறக்கும் தறுவாயில் வந்த பதினான்காம் பதிப்பில் 790. கூடியவற்றில் பல, புத்தகத்தைப் படித்த பெண்கள் தங்கள் வீட்டுச் செய்முறையைக் கடிதத்தில் எழுதி அனுப்பியவை. அர்த்தூசி கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய அடுப்படியில் நின்று ஒவ்வொன்றையும் செய்து பார்த்தவர்கள் மரியெட்டா சபாத்தினி என்ற பெண்ணும் பிரான்செஸ்கோ ருஃபில்லி என்ற சமையல்காரரும். அட்டையில் அர்த்தூசியின் பெயர் மட்டும்தான். ஆனால் புத்தகத்தின் உரிமையை உயிலில் அந்த இருவருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். நாற்பது வருடங்களுக்கு முன்னால் ஃபிளாரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பதே அரிது, யூதர்கள் தின்பது என்று அதை இளப்பமாக நினைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கு இத்தாலியச் சமையல் என்றால் கத்தரிக்காய் இல்லாமலா? எந்த ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. யார் தின்கிறார்கள் என்று பார்த்துத்தான் எது உணவு என்று முடிவாகிறது. மராத்வாடாவின் தலித் வீடுகளில் சமைப்பதை ஷாஹூ பட்டோலே 2015இல் மராத்தியில் புத்தகமாக எழுதினார். அதைப் பற்றிப் படித்த அன்றுதான் நானும் ஒரு நோட்டு வாங்கினேன்.

அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவுக்கு விஷக்காய்ச்சல். பாயை விட்டு எழ முடியவில்லை. பக்கத்து வீட்டு அத்தை குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "அவ கைப்பக்குவம் இல்ல" என்று தட்டைத் தள்ளினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தார். புகையில் அவர் இருமியது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பாராட்டு அவரைக் கட்டிப்போடும் கயிறு என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தியின் கைக்கு மட்டும்தான் வரும் என்று சொல்லிவிட்டால், அந்தக் கைக்கு ஓய்வு கிடையாது.

அப்பா போன பிறகு அம்மா தம்பியோடு ஊரிலேயே இருந்தார். போன பொங்கலுக்குப் போனபோது நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அம்மா, பூண்டுக் குழம்பு எப்படி வைக்கணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"அதெல்லாம் எழுத வராது. கண்ணளவுதான்."

மறுபடி கேட்டேன். பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அதையும் எழுதி வாங்கிட்டா எனக்குன்னு என்ன ஆத்தா இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைக் கல்லூரியில் படித்தபோது, சமையலறை அதிகாரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் மீது எரிச்சல்தான் வந்தது. வேறு எதுவும் கையில் கொடுக்கப்படாதவள் அதைப் பற்றிக்கொள்ளாமல் எதைப் பற்றிக்கொள்வாள் என்று அம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நோட்டை மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "எழுதுறதுன்னா ஒழுங்கா எழுது. அந்தத் தராச எடு." பூண்டைக் கையில் அள்ளி, "கால் கிலோ" என்று வைத்தார். தராசு 252 கிராம் காட்டியது. சின்ன வெங்காயம் நூறு கிராம் என்றார். 98. கண்ணளவு என்று சொன்ன கைக்குள் இருபத்தைந்து வருடத் தராசு இருந்தது. எலுமிச்சையளவு புளி, மூன்று குழிக்கரண்டி நல்லெண்ணெய், அரை டீஸ்பூன் வெந்தயம், மூன்று டீஸ்பூன் குழம்புத்தூள், கடைசியில் சுண்டைக்காயளவு கருப்பட்டி. வெந்த பூண்டில் ஐந்தாறு பல்லை எடுத்து மசித்துத் திரும்பக் குழம்பிலேயே கலக்க வேண்டும். கெட்டிப்படுவது அதனால்தான்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"கூடப் பூண்டு பிரிச்ச பொம்பளைகதான். கருப்பட்டி ஒருத்தி சொன்னா. மசிச்சு விடுறது தேவாரத்துலருந்து வாக்கப்பட்டு வந்தவ சொன்னா. கை வேல பாக்கும், வாய் சும்மாவா இருக்கும்?"

அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட அந்த ஒரு கையின் பக்குவம், பூண்டுக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து கூலிப் பெண்களுடையது. இத்தாலியில் அது கடிதத்தில் போயிருக்கிறது. மீனாட்சி அம்மாளிடம் உறவுப் பெண்களின் கேள்வியாக வந்திருக்கிறது. எங்கள் ஊரில் தாள் அறுக்கும் பேச்சோடு பேச்சாக வந்தது. பழைய சமையல் புத்தகங்களை நாம் விடாமல் வைத்திருப்பது ஏன் என்று யாராவது கேட்டால், இனி நான் அம்மாவின் நினைவு, மண்வாசனை என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஒருத்தி கற்றதை இன்னொருத்தி யார் காலிலும் விழாமல் எடுத்துக்கொள்ள முடிகிறதே, அதற்காகத்தான்.

நோட்டின் முதல் பக்கத்தில் அம்மாவே கையெழுத்துப் போட்டார். கூடப் பிரித்த பெண்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் அதற்குக் கீழே எழுதினேன். மூன்று பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

அன்று மத்தியானம் நோட்டைப் பார்த்துத் தம்பி குழம்பு வைத்தான். வெந்தயம் கருகிவிட்டது. அம்மா முதல் ஆளாக உட்கார்ந்து, ஆவி பறக்கும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். "கசக்குதுடா. நாளைக்குத் தீயக் கொறச்சு வையி" என்றார்.

நாளைக்கும் அவன்தான் வைக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.