முத்துத் தோடணிந்த நங்கை

ஓவியத்தை அதன் அழகிற்காக மட்டுமே இரசிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அதிலே வரலாற்றைத் தேடுவது இரசனைக் குறைபாடு என்பது அவர்தம் வாதம். பசித்தவனுக்குச் சித்திரம் எதற்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களையும் உரைத்துப் பார்க்க ஏற்றதாய், நாம் நெடுநாளாய் விரும்பிப் பார்த்துவரும் தைலவண்ண ஓவியம் ஒன்றுண்டு. ஒல்லாந்து நாட்டு ஓவியர் யொகான்னஸ் வெர்மேர் ஏறத்தாழ 1665ஆம் ஆண்டில் தீட்டிய 'முத்துத் தோடணிந்த பெண்' என்பதே அது.

ஓவியத்தின் உயரம் 44.5 சென்ரிமீற்றர், அகலம் 39. இருண்ட பின்னணியிலே இளம்பெண்ணொருத்தி, யாரோ அழைத்தாற்போல, தோளுக்கு மேலாகத் திரும்பி எம்மை நோக்குகின்றாள். தலையிலே நீலத்துணி; அதன் உச்சியிலிருந்து தொங்கும் மஞ்சள் துணி. ஈரம் மின்னும் இதழ்கள் சற்றே விரிந்துள்ளன. மூக்கையும் அப்பாலுள்ள கன்னத்தையும் பிரிக்க ஓவியர் கோடு எதுவும் இடவில்லை. எம் கண்ணே அதனை இட்டுக்கொள்கின்றது.

இவ்வோவியத்தின் அச்சுப்பிரதியை வகுப்பிலே காட்டியபோது, "இவள் எந்தப் பிரபுவின் மகள்?" என்று மாணவியொருத்தி வினவினாள். நியாயமான வினாவே. பணம் படைத்தோரே தம் உருவத்தை எழுதுவித்த காலம் அது. ஆனால், இது எவரும் பணித்து எழுதுவித்த உருவப்படமன்று. 'துரோனி' என ஒல்லாந்தர் வழங்கிய முகச்சித்திர வகையைச் சேர்ந்தது. பெயரோ குலமோ செல்வமோ இன்றி, ஒரு மனித முகம் தன்னளவிலே மதிக்கப்படுகின்றது. எம்மை முதலிற் கவர்ந்தது இதுவே.

அந்த நீலம் ஆப்கானிய மலைக்கல்லை அரைத்துப் பெற்றது. செந்நிறம் அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிச் செடியில் வாழும் பூச்சியிலிருந்து எடுத்தது. 2018இல் தொடங்கிய ஆய்வு இவற்றைத் தெளிவாக்கிற்று. வெர்மேர் வாழ்ந்த டெல்ஃப்ற் நகரம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைத்தலங்களுள் ஒன்று. அதே கம்பனிதான் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றி, முத்துப்பார்களுக்கு உரிமை கொண்டாடியது; எம் நெடுந்தீவுக்கு அந்நகரின் பெயரையே சூட்டியது. மூச்சடக்கி மூழ்கிய குளிகாரரின் முகத்தைத் தீட்டியவர் யார்?

இத்தோட்டு முத்து எம் கடலில் விளைந்ததென நாம் சாதிக்கவில்லை. உற்று நோக்கின் அங்கே முத்தே இல்லை. காதிலே கொளுவும் கொக்கியுமில்லை. வெள்ளை வண்ணத்தின் சில தீற்றல்களே முத்தென மயக்குகின்றன. கம்பனியின் செல்வம் அதைச் செய்யவில்லை. ஓர் உழைப்பாளியின் கை செய்தது. அவ்வுழைப்பாளியோ 1675இல் கடனாளியாகவே இறந்தார். பாண் கடைக் கடனுக்கு ஈடாக அவர் மனைவி இரு ஓவியங்களைக் கொடுக்க நேர்ந்தது. இந்த நங்கையின் ஓவியம் 1881இல் ஹேக் நகர ஏலத்தில் இரண்டு கில்டர் முப்பது சதத்திற்கு விலைபோனது. இன்று அந்நகரின் மௌரிற்ஸ்ஹவுஸ் அரும்பொருளகத்திலே உள்ளது.

இவற்றை அறிந்தபின் அவள் அழகு எமக்குக் குறைந்துவிடவில்லை. கல் தோண்டியவனும் பூச்சி திரட்டியவளும் தூரிகை பிடித்தவனும் ஒருங்கே எம் நினைவுக்கு வருகின்றனர். அவ்வழகு உழைப்பாளர் கைகளாற் பிறந்தது. ஆதலின் அதைக் கண்டு மகிழும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பசித்தவனுக்குச் சோறு வேண்டும், சித்திரமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர் எவராயினும் அவரை நாம் ஏற்பதற்கில்லை.