குளம் தெரியட்டும்

துவாக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வெல்டிங் என்றதும் சத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். ராடு உரசும் சடசடப்பு, தரையில் சிதறும் பொறி, ஸ்லாக்கைத் தட்டும் சுத்தியல். ஆர்கான் வெல்டிங் அந்த வகையில் சேராது. வாயு மெல்ல இரையும், நீலமும் வெள்ளையுமாக ஓர் ஆர்க் அசையாமல் நிற்கும். பெரியப்பா பட்டறையின் மூலையில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். காற்றடித்தால் ஆர்கான் கலைந்துவிடும் என்பதால் சித்திரை வெயிலிலும் அவருக்கு மின்விசிறி கிடையாது.

திருச்சி பெல் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பிறகு திருவெறும்பூரிலிருந்து துவாக்குடி வரை அதற்கு வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகள் முளைத்தன. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே வந்தது. எங்கள் தெருவில் டீக்கடையில்கூட, "ரூட் போட்டாச்சா?" என்று விசாரிப்பார்கள். இரண்டு பாய்லர் குழாய்களை இணைக்கையில் அடியில் ஓடும் முதல் வரிசைதான் ரூட். அதை ஆர்கானில் போடுவார்கள். மேலே நிரப்புவது ராடாகவும் இருக்கலாம். உள்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று பிறகு விரல் விட்டுப் பார்க்க முடியாது. அதனால் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

அந்த ஃபிலிமைப் பெரியப்பா டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சாம்பல் நிறப் பட்டை, அதன் நடுவில் சற்று வெளுத்த வரிசை, அதில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பளீர் வெள்ளைப் புள்ளி.

"இது என்ன சொல்லு?"

"ஓட்டையா பெரியப்பா?"

"ஓட்டைன்னா கறுப்பாத் தெரியும்டா. இது டங்ஸ்டன். முனையை உருகினதுல தொட்டிருக்கான். இரும்பைவிடக் கனமான உலோகம், கதிரைத் தடுத்திருச்சு."

ஆர்கான் டார்ச்சில் ஆர்க் கிளம்பும் முனை டங்ஸ்டன்தான். அது உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆர்க்கைத் தாங்கும், தான் கரையாது. உருகிய உலோகத்தில் பட்டுவிட்டால் மட்டும் முனை கெட்டுவிடும். தீட்டித்தான் மறுபடி பிடிக்க வேண்டும். தீட்டுவதும் நீளவாக்கில்தான். குறுக்கே தீட்டினால் ஆர்க் ஒரு பக்கம் சாயும். சிவப்பு முனை போட்ட டங்ஸ்டனில் தோரியம் இருக்கும். அது கதிரியக்கப் பொருள், தீட்டும்போது அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. பெரியப்பா காலத்தில் எல்லாரும் சிவப்புதான் வாங்கினார்கள், முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனக்கிறது. இன்றைக்கு லாந்தனம் கலந்தது தாராளமாகக் கிடைக்கிறது. சிவப்பை வாங்க ஒரு காரணமும் இல்லை.

எனக்கென்று மிஷின் வாங்க நினைத்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். இருந்தும் கூட வந்தார். சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கடை. 200 ஆம்பியர், 250, 300 என்று கடைக்காரர் ஏற்றிக்கொண்டே போனார். பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "குறைச்சு எவ்வளவுல ஆர்க் நிக்கும்?"

"ஐயா, எல்லாரும் அதிகபட்சம்தான் கேப்பாங்க."

"எவர்சில்வர் ஒரு மில்லித் தகட்டுக்கு முப்பது, நாப்பது ஆம்பியர். அதுலயும் ஓரத்துக்கு வந்தா இன்னும் இறக்கணும். முந்நூறை வச்சு நான் என்ன பண்றது?"

இன்றும் யார் கேட்டாலும் நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். பத்து ஆம்பியரில் ஆர்க் துடிக்காமல் நிற்கிறதா? தொடாமலே ஆர்க் பிடிக்க ஹெச்.எஃப். உண்டா? அது இல்லாத மலிவு மிஷினில் முனையைத் தகட்டில் கீறித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஃபிலிமில் பார்த்த அந்த வெள்ளைப் புள்ளி கீறுகிற இடத்திலும் வரும். முடிக்கும்போது கரண்ட் படிப்படியாக இறங்குகிறதா? சட்டென்று அணைந்தால் கடைசிக் குழியில் விரிசல் விடும். அணைந்த பிறகும் ஆர்கான் கொஞ்ச நேரம் வர வேண்டும், பத்து ஆம்பியருக்கு ஒரு விநாடி என்பது பட்டறைக் கணக்கு. சூடாக இருக்கும் முனையில் காற்று பட்டால் கறுத்துவிடும்.

கடைக்காரர் சொல்லாமல் விடுவது இன்னொன்று, டியூட்டி சைக்கிள். 200 ஆம்பியருக்கு 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் அந்த வேகத்தில் ஓட்டலாம். வீட்டு லைன் 230 வோல்ட்தான் என்றால் அதையும் பார்க்க வேண்டும். வெல்டிங் கரண்ட் 80 ஆம்பியர் வரை என்றால் 16 ஆம்பியர் பிளக்கே தாங்கும், முழு வேகத்துக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். இதையெல்லாம் மிஷின் வந்து இறங்கிய பிறகு தெரிந்துகொண்டால் எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

ராடு வெல்டிங்கில் சூடும் உலோகமும் ஒரே குச்சியிலிருந்து வருகின்றன. ஆர்கானில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. வலது கையில் டார்ச், அதாவது சூடு. இடது கையில் கம்பி, அதாவது உலோகம். பெடல் இருந்தால் காலுக்கும் ஒரு வேலை. வலது கையை எல்லாரும் சீக்கிரம் பழக்கிவிடுவார்கள். இடது கைதான் அடங்காது. ஆர்க் விழுந்த மறுகணமே கம்பியை நீட்டத் துடிக்கும்.

"கம்பிய அவசரப்பட்டு நீட்டாதடா. குளம் தெரியட்டும்" என்பார் பெரியப்பா. தகடு முதலில் பளபளக்கும், பிறகு வியர்த்தது போல ஈரமாகும், பிறகு ஒரு சின்ன வட்டம் கண்ணாடியாகத் திரளும். அந்த வட்டத்தின் முன்விளிம்பில் கம்பியைத் தொட்டு எடுக்க வேண்டும். எடுத்த கம்பியின் நுனியும் ஆர்கான் கூடாரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே போனால் கறுத்து, அந்தக் கறுப்பு அடுத்த சொட்டோடு உள்ளே வரும். அவர் எனக்கு முதலில் கம்பியே தரவில்லை. துண்டுத் தகட்டில் குளத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். பிறகு வெல்டிங்கே இல்லாமல், டீ குடிக்கும்போதும் இடது கையில் ஒரு கம்பியைக் கொடுத்து விரலாலேயே முன்னே தள்ளிப் பழகச் சொன்னார்.

எவர்சில்வரில் செய்தது சரியா என்று நிறமே சொல்லிவிடும். வைக்கோல் நிறமும் பொன்னிறமும் நல்லது, நீலம் பரவாயில்லை, சாம்பல் என்றால் வெந்துவிட்டது. பின்பக்கத்துக்கு யாரும் கவலைப்படாதது எனக்கு இன்றும் ஆற்றாமை. பால் பண்ணைக்குப் போகும் குழாயின் உள்ளே ஆர்கான் நிரப்பாமல் வெளியே மட்டும் அழகாக ஓட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே உலோகம் காற்றில் வெந்து சர்க்கரை பூத்தது போல் சொரசொரப்பாகிவிடும். அதில் பால் தங்கும், கிருமி தங்கும், எத்தனை கழுவினாலும் போகாது. வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை என்பதாலேயே அதைச் சரியாகச் செய்ய வேண்டும். ஆனால் தொட்டிக்குள் ஆர்கான் நிரப்பிய இடத்தில் தலையை விடக் கூடாது. காற்றைவிடக் கனம், வாசம் இல்லை, அடியில் தேங்கி நிற்கும். மூச்சு முட்டும் என்ற எச்சரிக்கைகூடக் கிடைக்காது.

1894-இல் ராலேயும் ராம்சேயும் காற்றிலிருந்து பிரித்துக் காட்டிய வாயு அது. காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த வெல்டிங் முறையை 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் உருவாக்கியபோது பயன்பட்டது ஹீலியம்; அவர்கள் ஒட்ட வேண்டியிருந்தது காற்றில் தீப்பற்றும் மக்னீசியம்.

மக்னீசியம் எங்கள் பட்டறைக்கு வந்ததில்லை. அலுமினியம் வந்தது. பெரியப்பாவோடு வாங்கிய மிஷின் டிசி மட்டும்தான், அதனால் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே தண்ணீராகியும் மேல்தோல் கிழியாது. ஏசி ஓட்டினால் ஒரு பாதியில் ஆக்சைடு உரியும், மறு பாதியில் சூடு இறங்கும்.

அக்கா மகள் இப்போது ஐடிஐ-யில் வெல்டர் படிக்கிறாள். "மாமா, ஏசி டிசி ரெண்டும் உள்ளதை வாங்கட்டுமா, டிசி போதுமா?" என்று கேட்டாள். விலை இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வருகிறது. கேட், கிரில், பாத்திரம் என்றால் நல்ல டிசி போதும், மிச்சப் பணத்தில் நல்ல ரெகுலேட்டரும் தானாக இருளும் ஹெல்மெட்டும் வாங்கு என்றேன். அவளுக்கு பைக் இன்ஜின் கவர் ஒட்ட வேண்டும். தெருமுனை மெக்கானிக் இரண்டு கொடுத்து வைத்திருக்கிறார். அப்படியென்றால் ஏசியும் வேண்டும், வேறு வழியில்லை.

சனிக்கிழமை என் மிஷினில் பழக வருகிறாள். துண்டுத் தகடுகளை வெட்டி அசிட்டோனில் துடைத்து வைத்திருக்கிறேன். கம்பியை இன்னும் எடுத்து வைக்கவில்லை.